வாயடக்கம்

மாத்திரை வேளையில் கூவும்படி
நான்தான் செய்தேன் அந்தப் பெட்டியை.
திறந்தால் கணக்கு ஏறும்.
லெசோத்தோ மலைக்கு நாற்பது அனுப்பினோம்.
இருபத்தாறாம் பெட்டி திறக்கவேயில்லை.
அறிக்கையில் எழுதினேன்: ஒத்துழைக்காதவர்.

குதிரையில்தான் போகமுடிந்தது லினேயோ வீட்டுக்கு.
சோளமாவுச் சாக்குக்குள் முழங்கை வரை கைவிட்டு
எடுத்துத் தந்தாள்.
பேட்டரி செத்திருந்தது.

"ஒரே அறை. மாமியார், கொழுந்தன்மார்.
இது கத்தினால் என்னவென்று சொல்வேன்?"

மாத்திரைகள் பஞ்சில் பொதிந்து
போர்வை மடிப்பில், ஊசி குத்தின இடத்தில்.
வானொலியில் இரவுச் செய்தி தொடங்கும்போது
தண்ணீர் குடிக்க எழுவாளாம்.
இரண்டு வருஷம். ஒருநாள் தவறவில்லை.

கை மாவைத் தட்டிவிட்டுக் கேட்டாள்:
"வாயடக்கமாய் ஒன்று செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

குதிரை இறங்குகிற பாதை முழுக்க
யோசித்துக்கொண்டிருந்தேன்,
அந்தப் பஞ்சு ஏது அவளுக்கு என்று.