ஓடு மாற்றிய கணக்கு

காலை பத்தே கால்.
பள்ளத்தூர் வீட்டின் இரண்டாங்கட்டில்
ஒழுகிய இடத்துக்குக் கீழே நின்று
பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் கணக்கை எழுதினேன்:
ஓடு, சாரம், ஆள்கூலி,
மொத்தம் முப்பத்து மூவாயிரத்து அறுநூறு.
எட்டால் வகுத்தால்
புள்ளிக்கு நாலாயிரத்து இருநூறு.

பத்து இருபதுக்குச் சென்னையிலிருந்து
என் உடன்பிறந்த சோலையப்பன்
இரண்டே சொல் எழுதினான்:
"யாரைக் கேட்டு?"
அதன் கீழே யாரோ ஒரு கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.
எதற்கென்று தெரியவில்லை.

முதலில் காது மடல் சுட்டது.
பிறகு தாடை.
ஐம்பத்திரண்டு வயதில்
என் கோபம் வரும் வழி எனக்குத் தெரியும்,
தேவகோட்டை பஸ் எங்கெங்கே நிற்கும் என்பதுபோல.
தெரிந்து என்ன?
ஒவ்வொரு தடவையும் ஏறிவிடுகிறேன்.

மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசினேன்.
அவன் கல்யாணக் கடனில் தொடங்கி
என்னைக் கேட்காமல் அவன் விற்ற நிலைக்கதவுவரை.
வளவில் நின்று பேசினால்
குரல் நாலு பத்தியிலும் முட்டித் திரும்பும்.
திரும்பி வந்தது
அப்பச்சியின் குரல்.

அப்பச்சி எறிகிறவர்.
அடுப்படிப் பரணில் ஒரு பித்தளைத் தவலை,
அடிப்பக்கம் ஒரு குழிவு.
குழிவுக்கு இந்த ஐப்பசியோடு முப்பத்தொரு வயது.
எதற்காக எறிந்தார் என்று
வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.
ஆத்தா விழுங்குகிறவள்.
தலைமாட்டில் எப்போதும் ஒரு ஜெலுசில் பாட்டில் இருக்கும்.
என்னத்தை விழுங்கினாள் என்பதும்
ஒருவருக்கும் தெரியாது.

கட்டைவிரலுக்கு அடியில்
மூன்று நிமிடம் நாற்பது விநாடி.
விரலை எடுத்தால் போய்விடும்.
இடப்பக்கம் இழுத்தேன்.
குட்டியாய் ஒரு குப்பைத்தொட்டி
வாயைத் திறந்து மூடியது.

உண்ணாமலை அரிசி களைந்துகொண்டே கேட்டாள்:
"முடிஞ்சுதா? இன்னும் இருந்தா
பின்கட்டுக்குப் போய்ப் பேசுங்க. பேத்தி தூங்குறா."

போனேன்.
எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
முகப்பிலிருந்து பின்வாசல்வரை
நூற்றுப் பதினாறு எட்டு.
கோபத்தோடு நடந்தால் தொண்ணூற்றெட்டு.
போய் வந்தேன். போய் வந்தேன்.
நூற்றுப் பத்து வந்த நடையில்
ஒன்று தட்டுப்பட்டது.

நாலாயிரம் இல்லை.
போன வாரம் ஏணி வழுக்கி
முழங்கால் உரிந்த படத்தையும்
அதே குழுவில்தான் போட்டிருந்தேன்.
எல்லாரும் பார்த்தார்கள்.
ஒருத்தரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
அவனும்.

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.
கத்தும்போது வராத வெட்கம்.

குழுவில் இல்லை, அவனுக்கு மட்டும் எழுதினேன்:
"சோலை, கேட்காமல் வேலை ஆரம்பித்தது என் தப்பு.
மழை நிற்கவில்லை, ஆரம்பித்துவிட்டேன்.
எல்லார் முன்னாலும் நீ அப்படிக் கேட்டது வலித்தது.
ஏணியிலிருந்து விழுந்தேன், நீ விசாரிக்கவே இல்லை.
அது இன்னும் வலித்தது.
உன் பங்கு நாலாயிரத்து இருநூறு.
வெள்ளிக்குள் வேண்டும்."

கடைசி வரியை இரண்டு தடவை அழித்தேன்.
மூன்றாம் தடவை விட்டுவைத்தேன்.
கோபமும் ஒரு பங்காளிதானே,
அதற்கு உள்ளதைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டு கோடும் நீலமாயின. பதில் இல்லை.
விளக்கு வைக்கிற நேரத்தில்
மூவாயிரம் வந்தது.
கூடவே, "கால் எப்படி இருக்கு?"

மூவாயிரமா?
காது மடல் மறுபடி சுட்டது.
பஸ் வந்து நின்றது,
கண்டக்டர் ஊர்ப்பேரெல்லாம் கத்தினார்.
அது கிளம்புகிறவரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.
"பக்குக் கட்டிருச்சு. மீதி ஆயிரத்து இருநூறு"
என்று எழுதினேன்.

ராத்திரி மழை.
இன்னும் ஆறு ஓடு பாக்கி.
பரணிலிருந்து தவலையை இறக்கி
ஒழுகும் இடத்தில் வைத்தேன்.
குழிவால் நேராக நிற்கவில்லை,
சொட்டுக்குச் சொட்டு லேசாக ஆடியது.
விடியும்போது பார்த்தேன்,
கழுத்துவரை தண்ணீர்.