பிறர்

கினிகத்தேனையில் மண் சரிந்திருந்தது.
கொழும்பு வேன் வந்து சேரப் பதினொரு மணி.
அதுவரை கொள்கலன் அறையில் தனியே நின்று
அட்டவணையை மூன்றாம் தடவை ஒட்டினேன்.
ஈரத் தகரத்தில் டேப் பிடிக்கவில்லை.

பொகவந்தலாவையில் மூன்று மாடி மகப்பேற்று விடுதி.
எண்பத்தாறு வரிசை, ஐந்து நிரல்:
கட்டடக்கலை, கட்டமைப்பு, மின்சாரம், நீர், காற்று.
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து வேண்டும்.
மு என்றால் முதன்மைப் பொறுப்பு,
து என்றால் துணை.
வெறும் கோடு என்றால்
எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கோடு போடுவதில் எல்லோருக்கும் நல்ல கை.

நீர்க்காரரின் படத்தில் கொதிகலனுக்கு அருகே
எறும்பெழுத்தில்: மின் இணைப்பு பிறரால்.
மின்சாரப் படத்தில் அதே மூலையில்:
கொதிகலன் வலு பிறரால் அறிவிக்கப்படும்.
கட்டமைப்புப் படத்தில்: துளைகள் பிறரால்.

யார் இந்தப் பிறர்?
இந்த மலையிலேயே அதிகம் வேலை அவருக்குத்தான்.
ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.
தேத்தண்ணிக் கணக்கில் அவர் கோப்பை இல்லை.
இதுவரை பில் அனுப்பியதும் இல்லை.

"குழாய் என்னுடையது" என்றார் வாகீசன்,
"அது போகிற ஓட்டை என்னுடையதல்ல."
"அளவு தந்தால் உத்திரத்தில் இடம் சொல்வேன்"
என்று நிலங்க சிங்களத்தில் சொன்னார்;
தமிழில் எழுதும்போதும் அதில் ஒரு ஓட்டை இருந்தது.
ஃபஸ்மிலா கல்குலேட்டரைத் தட்டினாள்:
"மூன்று கிலோவாட்டா, ஒன்பதா?
அதைப் பொறுத்துக் கேபிள்,
கேபிளைப் பொறுத்துத் தட்டு,
தட்டைப் பொறுத்து உட்கூரை இறங்கும்."
"உட்கூரை இறங்காது" என்றார் ஷெனாலி.
அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

முப்பத்தோராம் வரிசை:
இரண்டாம் மாடி உத்திரம், சுடுநீர்க் குழாய்த் துளை.
ஐந்து கட்டத்திலும் கோடு.
தள்ளி நின்று பார்த்தால் ஒரே நீளக் கோடு,
அடித்துவிட்டது போல.

வியாழன் கொங்கிறீட்.
லொறிகள் அட்டனைத் தாண்டிவிட்டன என்று போன் வந்தது.
முப்பத்தொன்றை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினேன்.
தள்ளியது நான்தான்,
அறிக்கையில் "தள்ளப்பட்டது" என்று எழுதியதும் நான்தான்.

இருபத்தாறு நாள் கழித்து
உத்திரத்துக்குள் துளைக்கருவி கம்பியில் பட்டுக் கத்தியது.
மழையையும் மீறிக் கேட்டது அந்தச் சத்தம்.
நிலங்க படி ஏறி ஓடினார், பின்னால் நான்.
மருதவீரன் கருவியை நிறுத்திவிட்டு
முகத்துச் சாந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
யார் சொன்னது உன்னிடம் என்ற கேள்விக்கு
அவர் அவசரப்படவில்லை.

"யாரும் சொல்லல்லைங்க.
ஒரு படத்துல இங்க பைப்பு போகுது.
இன்னொரு படத்துல இங்க பீமு நிக்குது.
ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு
ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன்.
மேடம், நீங்க யாரும் பாக்கலியா?"

கண்ணாடி போடாத அந்த ஜன்னலில்
பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.
வாகீசன் தன் சப்பாத்தைப் பார்த்தார்.
ஐந்து நிறுவனங்கள், எழுபத்திரண்டு தாள்,
பதினான்கு கூட்டம்.
பிறர் நாட்கூலிக்கு நின்றிருந்தார்,
கையில் ஈரமான இரண்டு படங்களோடு.

அன்றிரவு கம்பி எங்கே அறுந்தது என்று
நிலங்க கணக்குப் போட்டார்; உருக்குத் தகடு வைத்துக் கட்டலாம்.
செலவு யாருக்கு என்பதற்கு ஆறு மின்னஞ்சல்.
நான் அட்டவணையின் அடியில்
எண்பத்தேழாம் வரிசை சேர்த்தேன்:
படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது.
ஐந்து நிரலிலும் அதற்கு இடமில்லை.
ஆறாவது நிரல் கீறி, தலையில்
தவமலர் என்று என் பெயரை எழுதி, கீழே மு போட்டேன்.
துணைக்கு மருதவீரனைப் போட்டதற்கு
தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது.

சித்திரையில் பிரசவ அறைக் குழாயைத் திறந்தோம்.
முதலில் துரு, பிறகு குளிர்,
வெகுநேரம் கழித்துச் சூடு.
அவ்வளவு தூரத்துக்குக் குழாய்க்கு உறை கட்டியிருக்க வேண்டும்.

வரிசை அறுபத்திநான்கு. போய்ப் பார்த்தேன்.
கோடு, கோடு, கோடு, கோடு,
காற்றுக்காரரின் கட்டத்தில் மட்டும்
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.