இருநூற்றுப் பதினோரு பேர்

பள்ளிக்கரணை, மூன்றாவது மாடி.
ஃப்ரிட்ஜின் மேல் மூடி உடைந்த லேப்டாப்.
அதற்குள் இருநூற்றுப் பதினோரு பேர்
குடியிருக்கிறார்கள்.
விளம்பரம் இல்லை, முதலாளி இல்லை,
கரண்ட் பில் மட்டும் என் பெயரில்.

"நீயும் வா" என்றேன் ஜெசிந்தாவிடம்.
"எந்த சர்வர்னு கேக்குதே?"
"சிம் கார்டு மாதிரி. எந்தக் கம்பெனியில் இருந்தாலும்
யாரோடும் பேசலாம்."
"அது சரி. அங்க யார் இருக்கா?"

யார் இருக்கா.
ராயபுரத்து அவள் பெரியம்மா மகன் இல்லை.
விடியுமுன் இறால் விலை போடும் காசிமேட்டு குரூப் இல்லை.
தண்ணி லாரி வந்தாச்சு என்று நள்ளிரவில்
பெரிய எழுத்தில் கத்தும்
எங்கள் பிளாக் செகரட்டரி இல்லை.
சதுப்பு நிலத்தில் பூநாரை இறங்கினால்
கொண்டாடும் நாற்பது பேர்,
லினக்ஸுக்காகச் சண்டை போட எழுபது.
மிச்சம் பேர் பாஸ்வேர்ட் மறந்தவர்கள்.

பஸ் ஸ்டாண்டைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றியபோது
திட்டாத ஆள் இல்லை.
திட்டிக்கொண்டே போனோம்,
பஸ் அங்கே போய்விட்டதே.
நான் கட்டி வைத்திருப்பதோ
பஸ் வராத பஸ் ஸ்டாண்ட்.
நல்ல நிழல், சுத்தமான கழிப்பறை,
விசிலோடு நான் ஒருத்தி.

டிசம்பர் மழையில் கரண்ட் போனது.
இன்வெர்ட்டரில் மிச்சம் கொஞ்சம்.
"ஃபேனா, சர்வரா?" என்றான் சேந்தன்.
பிள்ளைக்குக் காய்ச்சல், கொசு வேறு.
ஃபேன் என்றேன்.
இருநூற்றுப் பதினோரு வீடும் இருண்டது.
தெருவில் இடுப்பளவு தண்ணீர்.
படகு கேட்டு எழுதினேன்,
தினமும் நான் திட்டும் அதே பெரிய கம்பெனியில்.
பன்னிரண்டு நிமிடத்தில் படகுக்காரர் நம்பர் வந்தது.
அதற்குக் கீழே மெத்தை விளம்பரம்.

நான்காம் நாள் லேப்டாப்பைத் தட்டி எழுப்பினேன்.
வெளியூர் சர்வர்களிலிருந்து வந்த செய்திகள்
கதவைத் தட்டித் தட்டிக் காத்திருந்திருக்கின்றன,
ஒவ்வொன்றாய் உள்ளே வந்தன.
யாழ்ப்பாணத்தில் முகம் தெரியாத ஒருவர்:
"மூன்று நாளாய்ச் சத்தமில்லை. சுகம்தானே?"
பெரிய இடத்தில் நான் காணாமல் போயிருந்தால்
மெத்தைக்காரனுக்கு மட்டும் தெரிந்திருக்கும்
என்று நினைத்துக்கொண்டேன். அது நியாயமில்லை,
படகு அங்கேதான் கிடைத்தது.

கடைசியில் ஒரு புது விண்ணப்பம்.
பிளாக் செகரட்டரி.
சேர விரும்பும் காரணம் என்ற கட்டத்தில்:
"தண்ணி லாரி டைம் இங்கேயும் போடலாமா மேடம்?"

பூநாரைக்காரர்கள் தூங்கும் நேரம்.
அனுமதி பட்டன் மேல்
விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.