ஆடி மாதப் பந்தி

ஆடியில் முகூர்த்தம் இல்லை,
மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைத்தது.
கோடம்பாக்கத்தில், மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில்
இலை போடும் நீள மேஜைகளில்
பதினொரு மடிக்கணினிகள்.
யார் வீட்டுக் கல்யாண ரசமோ
இன்னும் சுவரில் மணத்துக்கொண்டிருந்தது.

என் கையில் ஒரு தாள், ஒரு பென்சில்.
ஓவியம் பத்துக்கு, ஒலி பத்துக்கு,
கைக்கு அடங்குகிறதா பத்துக்கு,
புதுமை பத்துக்கு.
கடைசியில் ஒரு கட்டம்: குறைகள்.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
பகலெல்லாம் பெருங்குடியில்
வங்கிச் செயலிகளில் பிழை பொறுக்குகிறவள் நான்.
சல்லடைக்கு உள்ள மரியாதை எனக்கும் உண்டு.

முதல் மேஜையில் டிராகன்.
நெருப்பு நன்றாக இருந்தது, காசு கொடுத்து வாங்கிய நெருப்பு.
அரை மணி நேரம் வெட்டினேன்.
எதை வெட்டினேன் என்பது
அடுத்த மேஜைக்குப் போவதற்குள் மறந்துவிட்டது.
இருந்தும் முப்பத்து நான்கு போட்டேன்.
குறை சொல்ல இடமில்லாததும் ஒரு குறைதான்,
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

மூன்றாவது, ஷேர் ஆட்டோ. வளைவில் திருப்பினால்
பயணிகள் கூரை வழியே வானத்துக்குப் போனார்கள்.
சிரித்தேன். செய்தவன் சிரிக்கவில்லை.
மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவும் பூனை ஒன்று,
முதல் ஐந்து நிமிடம் அமுதம்,
பிறகும் அதே ஐந்து நிமிடம், அதே ஐந்து நிமிடம்.
ஒரு கை மாவில்
ஊருக்கே தோசை வார்க்கப் பார்க்கிறார்கள்.
இரண்டு தோசை போதும் தம்பி என்று
சொல்ல நினைத்து, ஆறு என்று எழுதினேன்.

ஏழாவது மேஜை.
புளியந்தோப்பிலிருந்து மூன்று பேர்:
தமீம், எஸ்தர், குணாளன்.
ஆட்டத்தின் பெயர் 'குடம்'.
தண்ணீர் லாரி வரும், வரிசை நகரும்,
உன் முறை வந்தால் குழாயைப் பிடி,
வழிவதற்குள் எடு. அவ்வளவுதான்.
படம் சுமார். மனிதர்களுக்கு முழங்கை இல்லை.
முதல் திரையிலேயே 'தண்ணிர்' என்று எழுத்துப்பிழை.
இரண்டாம் தெருவில் ஒரு குடம்
தார் ரோட்டுக்குள் மெல்ல மூழ்கியது,
நிலத்தடியில் இன்னும் நீர் இருக்கிறதென்று
அது மட்டும் நம்புவது போல.
பென்சில் முனை மழுங்க எழுதிக்கொண்டே வந்தேன்.

பிறகுதான் கவனித்தேன்:
எவ்வளவு நிரம்பியது என்று காட்டத்
திரையில் கோடில்லை, எண்ணில்லை.
காதுதான்.
வெறும் குடத்தின் அடியில் விழும் தடதடப்பு
பாதியில் அடங்கி,
கழுத்தை எட்டும்போது மெலிந்து, மேலேறி...
கண்ணை மூடினேன். சரியான நொடியில் எடுத்தேன்.
இருபது வருடம் அயனாவரத்தில் பழகிய கை,
என்னைக் கேட்காமலே எடுத்தது.
ஒலிக்குப் பத்து.

போன் வந்தது. ஆட்டத்தை அப்படியே விட்டேன்.
திரும்பிப் பார்த்தால்
எனக்குப் பின்னால் நின்ற பச்சைச் சேலைக்காரி
என் குடத்தைக் காலால் ஓரடி முன்னே தள்ளியிருந்தாள்.
வரிசை நகர நகர, இன்னும் ஓரடி.
அத்தனை சண்டைக்கு நடுவே
எனக்காக ஒருத்தி.

புதுமைக்கு ஒன்பது.
"இதை யார் யோசித்தது?" என்றேன்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
எஸ்தர்தான் சொன்னாள்:
"அது பக் அக்கா. அவ கால் குடத்துல மோதுது.
ரெண்டு வாரமா பாத்தோம், போகல.
நீங்க கவனிக்க மாட்டீங்கன்னு நெனச்சோம்."

ஒன்பதை அழித்தேன்.
செய்தவர் அறியாத நன்மையை
யார் கணக்கில் வரவு வைப்பது?
வங்கியில் இந்தத் தொல்லை இல்லை,
தவறி வந்த பணத்தைத் திருப்பிவிடுவோம்.

ரப்பர் தூளை ஊதிவிட்டு
அதே இடத்தில் மறுபடி ஒன்பது.
குறைகள் கட்டத்தில்:
முழங்கை. எழுத்துப்பிழை. ரோட்டில் மூழ்கும் குடம்.
பச்சைச் சேலை, அவள் கால்,
இதற்கு எதிரே
பதினான்கு வருட வேலையில் முதல்முறையாக எழுதினேன்:
திருத்த வேண்டாம்.

பரிசு டிராகனுக்குப் போனது.
கூட்டிப் பார்த்தேன். என் தாளிலும்
அதற்குத்தான் இரண்டு அதிகம்.
படி இறங்கும்போது
ஆவணிக்கு மண்டபம் பார்க்க வந்த ஒரு குடும்பம்
மேனேஜரிடம் கேட்டுக்கொண்டிருந்தது:
"தண்ணி வசதி எப்படி?"