இரண்டாவது துளை

சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ் எதிர்ச்சாரி.
ஜெராக்ஸுக்கும் கரும்பு ஜூஸுக்கும் நடுவில்
எட்டுக்குப் பத்தில் என் கடை.
அதில் பதினோரு வயதுக் கம்ப்யூட்டர்,
ரெண்டு ஜிபி.

அரசாங்கத்தின் பக்கம் திறப்பதற்குள்
பாஸ்போர்ட் போட்டோ எட்டை வெட்டிவிடலாம்,
ஆதாரை லேமினேட் செய்துவிடலாம்,
எதிரில் வேர்த்துக் கிடப்பவர் பக்கம்
மின்விசிறியைத் திருப்பி வைக்கலாம்.
நீலச் சக்கரம் அப்போதும் சுற்றும்.

"ரேம் போட்டா பறக்கும்க்கா" என்றான் அல்தாப்.
காந்தி ரோட்டு மாடியில் அவன் பட்டறை.
நாலு ஜிபி, பழசு, அறுநூற்றைம்பது.
புதுசு இந்த மாடலுக்கு வருவதில்லை.
கேரண்டி கேட்டேன். சிரித்தான்.

வேறு மெஷின் என்றால் இருபத்தி நாலாயிரம்.
மாதத் தவணையைக்
கெட்டுப்போன பட்டா மனுவின் முதுகில் எழுதிப் பார்த்தேன்,
வாடகைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

இந்த வயசுக்கு மேல் செலவு பண்ணணுமா என்று
பெரிய ஆஸ்பத்திரி எதிர் டீக்கடைகளில்
தினம் யாரோ கேட்கிறார்கள்,
வங்காளத்தில், தெலுங்கில், மூக்கைச் சிந்திக்கொண்டு.
இது டப்பா.
இதற்கு அதையெல்லாம் நினைக்கக் கூடாது.

கத்திரி வெயிலில் வந்து மூடியைக் கழற்றினான்.
பஞ்சு மாதிரி தூசி. ஒரு பல்லி முட்டை ஓடு.
"பாருக்கா, ரெண்டாவது துளை காலியாவே கீது."
வாங்கின நாளிலிருந்து
யாரும் உட்காராத நாற்காலி.

பிறகு தலையைச் சொறிந்தான்.
"நாலு போட்டா ரெண்டோட ஆறு.
ஆனா உன் விண்டோஸ் பழசு,
மூணேகாலுக்கு மேல எண்ணத் தெரியாது.
அதை மாத்தினா பிரிண்டர் பேசாது."
மீதி எங்கே போகும்?
"எங்கயும் போகாதுக்கா. உள்ளதான் கீது.
பாலாத்துத் தண்ணி மாதிரி."

யோசித்துச் சொல்கிறேன் என்று
மூடியை மூடச் சொன்னேன்.

மறுநாள் கணியம்பாடி முனிரத்தினம்,
அப்பாவுக்கு வாரிசுச் சான்றிதழ்.
பிள்ளைகள் பெயர் சொன்னார்: தன் பெயர்,
தம்பி வேலாயுதம், தங்கச்சி சாந்தகுமாரி.
மூன்று வரி அடித்தேன்.
அடுத்த பக்கம் என்று அழுத்தினேன்.
சக்கரம் சுற்றியது.

அவர் துண்டை மடித்தார், பிரித்தார்.
ஜூஸ் மெஷின் மணியை
கொஞ்ச நேரம் கேட்டார்.
எனக்கும் வெட்டுவதற்குப் போட்டோ இல்லை.

"இன்னொண்ணு கீதும்மா" என்றார்,
திரையைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்.
"ஆரணிப் பக்கம். பொண்ணு.
சாவுக்குக்கூட சொல்லி அனுப்பலை."
பெயரை மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்,
முதலெழுத்தோடு.

பின்னால் போ என்று அழுத்தினேன்.
அதற்கும் நேரம் எடுத்தது.
நாலாவது வரி.

அன்று சாயங்காலம் அல்தாப்புக்குப் போன் போட்டேன்.
நாலு வேண்டாம், ரெண்டு போதும்,
முன்னூற்றைம்பதுக்குக் கொடு.
"அதுலயும் முக்கால் வீணாகும்க்கா."
ஆகட்டும்.

இப்போது பக்கம் சட்டென்று திறக்கிறது.
பறக்கவில்லை,
காட்பாடி பஸ் மாதிரி, ஏறினால் கிளம்பிவிடுகிறது.

அதனால் இப்போதெல்லாம் நானே கேட்கிறேன்,
அழுத்துவதற்கு முன்னால்,
விரலை எடுத்து வைத்துக்கொண்டு:
அவ்வளவுதானா? வேற பேர் இல்லையே?

சிலர் கோபப்படுகிறார்கள்.