விட்டோ கடைப் பருப்பு

வின்னிபெக்கில், சார்ஜென்ட் அவென்யூவில்,
சலவைக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே
'விட்டோ பீட்ஸா' என்று ஒரு பலகை.
உள்ளே பீட்ஸா கிடையாது.
விட்டோ எட்டு வருடம் முன்பே
கடையைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார்.
பலகை மாற்ற இரண்டாயிரம் டாலராம்.
அந்தக் காசுக்கு நல்ல மாவு மிஷின் வாங்கலாமே
என்கிறாள் செனாயித்.
அஸ்மராவில் பிறந்தவள்;
போன் அடித்தால் "விட்டோ" என்றுதான் எடுக்கிறாள்.

நான் முதலில் போனது பசித்து அல்ல.
அவள் கடை ஹீட்டர் நின்றுபோயிருந்தது,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பழுது பார்த்து, கை கழுவி வந்தால்
தாம்பாளத்தில் சாம்பல் நிறத்தில், ஈரமாய்,
துளைத்துளையாய் ஏதோ விரித்திருந்தது.
கை துடைக்கும் துணி என்று நினைத்தேன்.
நினைத்ததோடு விட்டேனா,
துடைத்தும் விட்டேன்.
ஆறாம் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த
அவள் மகன் ஃபில்மோன்
பென்சிலைக் கீழே போட்டுச் சிரித்தான்.
புதிதாக ஒன்று வந்தது.
அது இன்ஜெரா, தின்பதற்கு.

மூன்று குளிர்காலம் ஆயிற்று. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

எந்த நாற்காலிக்கும் நாலு காலும் ஒரே உயரமில்லை.
கூட்டமிருந்தால் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்,
நான் ஒருவனே இருந்தாலும் நாற்பது நிமிடம்.
பட்டியலில் இருபத்தெட்டு வகை;
அதில் பதினைந்து "இன்றைக்கு இல்லை".
அந்தப் பதினைந்தும்
எந்த இன்றைக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.
கழிப்பறைத் தாழ்ப்பாள் விழாது,
உள்ளே இருக்கும்வரை
பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.

காபியைப் பற்றி மட்டும் எனக்குக் கருத்து கிடையாது.
புகையோடு வறுத்த சட்டியை
மூக்குக்கு நேரே கொண்டுவந்து நீட்டுவாள்.
வாயை மூடிக்கொண்டு குடிப்பேன்.
வாயை மூடிக்கொண்டு எப்படிக் குடிக்க முடியும்
என்று கேட்பான் ஃபில்மோன்.

ஒருமுறை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு ஜோடி வந்தது.
கை வைக்குமுன் எட்டுப் படம் எடுத்தார்கள்.
"அசல்! அப்படியே அசல்!"
எதைப் போல அசல் என்று
அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பாதித் தாம்பாளம் மிச்சம்.
பிறகு வரவேயில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
பருப்பு, அவர்கள் மொழியில் திம்திமோ,
உப்புக் கரித்தது.
"எப்படி இருக்கு?" எல்லாரையும் கேட்பது போலக் கேட்டாள்.
"நன்றாக இருக்கு" என்பது
சட்டைப்பையில் சில்லறை மாதிரி
எப்போதும் என்னிடம் தயாராகக் கிடக்கும்.
அன்று பகல் முழுக்க ஒரு நிலவறையில்
உறைந்த குழாயோடு மல்லுக்கட்டியிருந்தேன்,
பொய்க்குத் தெம்பில்லை.
"உப்பு," என்றேன்.

அவள் உள்ளே போனாள்.
கரண்டிச் சத்தம்.
திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள்,
அந்த நாற்காலியும் ஆடியது.
"ஆமாம், ஜாஸ்திதான்.
மத்தியானத்திலிருந்து ஒன்பது பேர் சாப்பிட்டார்கள்,
ஒன்பது பேரும் நன்றாக இருக்கு என்றார்கள்.
நன்றாக இருக்கு என்றவர்கள் எல்லாம்
திரும்பி வந்திருந்தால், மீரோ,
எனக்கு உட்கார இந்த நாற்காலி கிடைத்திருக்குமா?"

நான் என்ன சொல்வது.
இன்னொரு துண்டு பிய்த்து
அதே பருப்பைத் தொட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பருப்பு சப்பென்று இருந்தது.
அதையும் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் விட்டோ காலத்து
உப்புக் குடுவையை மேசையில் டொக்கென்று வைத்தாள்.
பில்லில் கடைசி வரியாக,
பையன் கையெழுத்தில்:
உப்பு, ஐம்பது காசு.
கொடுத்தேன்.

போகுமுன் பெட்டியைத் திறந்து
தாழ்ப்பாளுக்கு இரண்டு திருகாணி போட்டேன்.
இப்போது கச்சிதமாக விழுகிறது.
ஆனால் மூன்று வருடப் பழக்கம்,
நேற்றும் உள்ளே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.
ஆறாம் மேசையிலிருந்து குரல் வந்தது:
"சுருதி சேரலை!"