மூன்றாம் மனு

பெறுநர் என்ற இடத்தில் எழுத
உங்களுக்குப் பெயர் இல்லை.
நான் வீட்ஸ்கே பைல்ஸ்மா, லேவர்டன்.
பழைய ஐஸ் ஸ்கேட்டிங் காலணிகளைச்
சாணை பிடித்து விற்கிறேன்.

முதல் மனுவில் பொய் சொன்னேன்:
எனக்கு ஒன்றும் தெரியாது.
இரண்டாவதில் பாதி உண்மை:
மைத்துனன் யெல்லே செய்த வேலை.
இரண்டுக்கும் ஒரே பதில்,
கமாகூட மாறவில்லை.

சரி. நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்.
சூதாட்டத் தளங்களில், வழுக்கை மருந்து விற்பவர்களிடம்,
யாரும் சமைக்காத சமையல் குறிப்புகளின் அடியில்
என் கடையின் பெயர்.
காசு கொடுத்தது நான். இருநூறு யூரோ.
யெல்லே பேரம் பேசிக் குறைத்ததுதான் அது.

எடுத்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினேன்.
முப்பத்தொரு பேர் எடுத்தார்கள்.
ஒருவன் எடுப்பதற்கும் விலை சொன்னான்.
மீதியை நான் கைகழுவிய பட்டியல்
இத்துடன்.

பல வருடம் கழித்து இங்கே
வாய்க்கால் இறுகியிருக்கிறது.
ஊரே காலணி தேடுகிறது.
நான் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறேன்.
ஒன்பதாம் பக்கத்துக்கு யார் வருவார்கள்?
நானே போனதில்லை,
என்னைத் தேடிப் போகும்வரை.

பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது:
தயவுசெய்து சீக்கிரம்.
பனிக்குப் பொறுமை கிடையாது.

*

ஏப்ரல் பதினாறு, பதில் வந்தது.
தண்டனை நீக்கப்பட்டது.
தேடிப் பார்த்தேன்:
முதல் பக்கம், மூன்றாவது இடம்.
யெல்லேவுக்கு இன்னும் சொல்லவில்லை.
சன்னலுக்கு வெளியே, வாய்க்காலில்,
வாத்துகள்.